செவலையின் பால்

டிக்கோயாப் பக்கத்துக் குளிரில் காலைப் பால் கறக்க உட்காரும்போது விரலெல்லாம் விறைத்துப்போயிருக்கும். அந்தக் கையோடு மடியைத் தொட்டால் எந்த மாடும் உதைக்கும். அதனால் நான் இரண்டு கைகளையும் மாட்டின் வயிற்றுக்கும் தொடைக்கும் நடுவில் கொஞ்ச நேரம் வைத்திருப்பேன். சூடு ஏறிய பிறகுதான் காம்பைப் பிடிப்பேன். இருபத்திரண்டு வருஷமாக இப்படித்தான். என் கையால் ஓர் உயிருக்கும் நோகக்கூடாது என்று நினைக்கிறவன் நான்.

என் பெயர் சோலைமலை. தேயிலைத் தோட்டத்தை நடத்தும் பெரியதொரையின் பங்களா மாடுகளைப் பார்த்துக்கொள்கிறேன். மலைக்குச் செடி கவ்வாத்து வெட்டப் போவதில்லை, விடியற்காலையில் பெரட்டுக் களத்தில் நின்று பேர் கொடுப்பதில்லை. நாலு மாடு, ஒரு கொட்டில், கொட்டிலை ஒட்டி நான் குடியிருக்க ஒரு காம்பரா. பெண்சாதி போய்ப் பன்னிரண்டு வருஷமாகிறது, பிள்ளை குட்டி கிடையாது. கறக்கிற பாலில் ஒரு செம்பு எனக்கு, மிச்சம் பங்களா வாளிக்கு என்பது பழைய தொரை காலத்து ஏற்பாடு. இதைவிட நல்ல வாழ்வு இந்தத் தோட்டத்தில் யாருக்கும் இல்லை. அது எனக்கு நன்றாகத் தெரியும். தெரிந்ததுதான் தொல்லையும்.

நான் பயந்தவன். அதைச் சொல்ல எனக்கு வெட்கமில்லை. எனக்கு எட்டு வயதாக இருக்கும்போது என் அப்பா பெரியகங்காணி கேட்ட ஒரு கேள்விக்கு உண்மையான பதிலைச் சொன்னார். அன்று சாயங்காலமே பேர் வெட்டிப் பற்றுச்சீட்டைக் கையில் கொடுத்துத் தோட்டத்தை விட்டு வெளியே அனுப்பிவிட்டார்கள். அட்டன் ரோட்டில் ஒரு கடையின் தாழ்வாரத்தில் மூன்று வாரம் மழையில் கிடந்தோம். கைப்பிள்ளையாக இருந்த என் தம்பி அங்கேதான் இருமி இருமிச் செத்தான். அதற்கப்புறம் யாராவது என்னைப் பார்த்து ஏதாவது கேட்டாலே அவருக்குப் பிடித்த பதிலாகப் பார்த்துச் சொல்லிவிடுவேன். நாற்பத்தெட்டில் சட்டம் போட்டு நாங்கள் இந்த நாட்டுக்காரர்கள் இல்லை என்று சொன்ன பிறகு பயம் இன்னும் கூடிப்போயிற்று. இப்போது பேர் வெட்டினால் போவதற்கு ரோடு மட்டும்தான் மிச்சம்.

என் தங்கை மீனம்மாவின் புருஷன் வீரய்யா எனக்கு நேர்மாறு. அவருக்குப் பயம் என்றால் என்னவென்றே தெரியாது. கவ்வாத்துக் கத்தி பிடித்தால் இரண்டு ஆள் வேலை செய்வார், வாயைத் திறந்தால் நாலு ஆள் பேச்சுப் பேசுவார். எதையும் தோண்டித் துருவிக் கேட்காமல் விடமாட்டார். அறுபத்திரண்டாம் வருஷம் ஆடி மழையில் மேல்மலைத் தண்ணீர்க் கான் ஓரத்தில் வழுக்கி விழுந்தார். இடுப்புக்குக் கீழே தொடை எலும்பின் கழுத்து முறிந்துவிட்டது என்றார்கள். இப்படி விழுந்தவர்கள் வரிசை வீடுகளான லயத்துக் காம்பராவில் படுத்தபடியே கிடந்து, முதுகு புண்ணாகிச் சாவதுதான் வழக்கம். வீரய்யாவின் நல்ல காலம், அப்போது சீமையில் படித்துவிட்டு வந்திருந்த ஒரு பெரிய டொக்டர் கொழும்பில் இருந்தார். முறிந்த எலும்பின் தலையை எடுத்துவிட்டு, அதே அளவில் உருக்கால் செய்த ஓர் உருண்டையை உள்ளே வைத்துத் தைத்தார்.

இரண்டு மாதத்தில் என் மச்சான் கைத்தடியோடு நடந்து வந்தார். லயம் முழுவதும் வாசலில் நின்று பார்த்தது. ஆஸ்பத்திரியில் கொடுத்த எக்ஸ்ரே படத்தை வருகிறவர் போகிறவருக்கெல்லாம் வாசல் வெளிச்சத்தில் பிடித்துக் காட்டுவார். எலும்பெல்லாம் மங்கலாக இருக்க, நடுவில் அந்த உருண்டை மட்டும் பளீரென்று வெள்ளையாகத் தெரியும்.

"மச்சான், நான் செத்தா பொதைக்காதீங்க. பழைய இரும்பு வாங்குறவன்கிட்ட குடுத்துருங்க. மீனம்மா அதுல ஒரு சீல வாங்கிக்கட்டும்," என்று சொல்லிச் சிரிப்பார். எனக்கு அந்தப் பேச்சுப் பிடிக்காது. ஆனாலும் சிரிப்பேன்.

கொழும்பு டொக்டர் ஒன்றே ஒன்றுதான் சொல்லி அனுப்பியிருந்தார். உடம்பில் எங்கே சீழ் வைத்தாலும், காய்ச்சல் வந்தாலும், உடனே ஆஸ்பத்திரிக்கு வரவேண்டும். இரும்பு இருக்கிற இடத்துக்குக் கிருமி போய்விட்டால் அங்கே ஒட்டிக்கொள்ளும், லேசில் போகாது.

பால் என்னுடைய யோசனை. அதை நான் யார் தலையிலும் போடவில்லை. உடைந்த எலும்புக்குக் கறந்த சூட்டோடு, நுரை அடங்குவதற்கு முன்னால், மாட்டின் பக்கத்தில் நின்றே குடித்தால்தான் பால் எலும்பில் ஏறும் என்று எங்கள் ஆட்கள் சொல்வார்கள். காய்ச்சினால் சத்து ஆவியாய்ப் போய்விடுமாம். லயத்தில் எல்லோரும் பாலைக் காய்ச்சித் தேத்தண்ணியில் ஊற்றித்தான் குடிக்கிறார்கள். பச்சைப்பால் என்பது நோயாளிக்குப் பாசத்தோடு கொடுப்பது. எனக்கு உரிய செம்பை நான் மச்சானுக்குக் கொடுத்தேன்.

காலையில் கைத்தடியை ஊன்றிக்கொண்டு கொட்டிலுக்கு வருவார். சாக்கை விரித்து உட்கார்ந்து, நான் கறந்து முடிக்கும்வரை ஏதாவது பேசிக்கொண்டிருப்பார். பங்களாவில் சமைக்கிற அப்புவின் மீசை, கணக்கப்பிள்ளையின் புதுக் குடை, தன் மகள் பூரணியைப் பூண்டுலோயாவிலிருந்து கேட்டு வந்த மாப்பிள்ளை வீடு, எல்லாம் அந்தச் சாக்கில் உட்கார்ந்துதான் எனக்குத் தெரியவந்தது. தை மாதம் பூரணி கல்யாணத்தில் தாய்மாமன் மாலையை நான் போட்டேன். அந்த ஆறு மாதமும் நான் சந்தோஷமாக இருந்தேன். என் வாழ்க்கையில் அப்படி ஒருவர் தினமும் என்னைத் தேடி வந்ததில்லை.

மாசி மாதம், நாலு மாட்டில் ஒருத்தியான செவலை கன்று போட்டாள். ஏழாம் மாதம்தான் நடந்துகொண்டிருந்தது. நான் புல் அறுத்துக்கொண்டு திரும்பி வரும்போது செத்த கன்று சாணிக் கானில் கிடந்தது. முடிகூடச் சரியாக முளைக்கவில்லை.

இதில் அதிசயம் ஒன்றும் இல்லை, மாடுகள் சில சமயம் இப்படிக் குறைமாதத்தில் போடும். ஆனால் போன வருஷம்தான் மாட்டு டொக்டருடைய ஆள் ஒருவர் ஜீப்பில் வந்து, எந்த மாடாவது குறைமாதத்தில் கன்று போட்டால் உடனே தெரியப்படுத்தவேண்டும் என்று ஒரு நோட்டீஸைக் கொட்டில் கதவில் ஒட்டிவிட்டுப் போயிருந்தார். இரத்தம் எடுத்துப் பார்ப்பார்களாம். கெட்ட இரத்தம் என்றால் மாட்டைக் கொன்று சுண்ணாம்பு போட்டுப் புதைப்பார்களாம். டயகமப் பக்கம் ஒரு தோட்டத்தில் கொட்டிலையே காலி செய்துவிட்டார்கள், மாடு பார்த்தவனுக்கு இனி இங்கே என்ன வேலை என்று பேரையும் வெட்டிவிட்டார்கள் என்று கணக்கப்பிள்ளை சொன்னார். அவர் சிரித்துக்கொண்டு சொன்னார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

நான் கன்றையும் நஞ்சுக்கொடியையும் தேயிலைக்கு அடியில் ஆழமாகத் தோண்டிப் புதைத்தேன். செவலைக்குச் சினை போட்ட நாள் என் ஒருவனுக்குத்தான் தெரியும். அதனால் நிறைமாதக் கன்று, பிறந்து குளிரில் செத்துப்போயிற்று என்று சொல்லிவிட்டேன். யாரும் சந்தேகப்படவில்லை.

ஆனால் மாடு ஈன்றால் கொடியை வைக்கோலில் பொதிந்து பாலுள்ள மரத்தில் கட்டவேண்டும். அப்போதுதான் மடியில் பால் நிற்கும். எங்கள் கொட்டிலுக்குக் கீழே இருக்கிற பலா மரத்தில் அந்தப் பொட்டலம் தொங்கினால்தான் கன்று ஒழுங்காகப் பிறந்தது என்று லயத்துக்காரர்கள் நம்புவார்கள். புதைத்ததைத் தோண்டி எடுக்க எனக்கு மனம் வரவில்லை. வைக்கோலுக்குள் இரண்டு கல்லும் ஈரச் சாணியும் வைத்துப் பொதிந்து கட்டித் தொங்கவிட்டேன்.

மறுநாள் கொழுந்தெடுக்கப் போகிற வழியில் கிழவி காளியாயி மரத்தடியில் நின்று அண்ணாந்து பார்த்தாள்.

"என்னாப்பா இது, கொடியக் கட்டி வச்சிருக்க, ஒரு காக்காகூட கிட்டப் போகலியே," என்றாள்.

"போகும் ஆயா, இப்பதானே கட்டுனேன்," என்று சொல்லிவிட்டு உள்ளே போய்ச் சுவரில் சாய்ந்து நின்றேன். அவள் போன பிறகு மரத்தில் ஏறி, கருவாட்டுத் தலை இரண்டைப் பொட்டலத்துக்குள் சொருகினேன். மத்தியானம் காக்காய்கள் வந்து கொத்தின. அதைப் பார்த்த பிறகுதான் எனக்குச் சோறு இறங்கியது.

சித்திரை கடைசியில் மச்சானுக்குக் காய்ச்சல் தொடங்கியது. காலையில் நன்றாக இருப்பார். சாயங்காலம் ஆனால் குளிர் எடுக்கும், பிறகு வேர்த்துக் கொட்டும். அந்த வேர்வையில் நனைந்த வைக்கோல் நாற்றம் இருந்தது. தோட்டத்து மருந்துக்காரர் மலேரியா என்று கொயினா கொடுத்தார். பிறகு வாதம் என்று மாத்திரை கொடுத்தார். ஆனி மாதம் இடுப்பு வீங்கிச் சிவந்தது. ஆறிப்போயிருந்த தையலில் ஒரு சின்னத் துவாரம் விழுந்து தண்ணீர் போலக் கசிந்தது. கைத்தடியை ஊன்றி நடந்தவர் சுவரைப் பிடித்தும் நிற்கமுடியாமல் போனார். அரசாங்க ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம்.

அங்கே இருந்த டொக்டர் தம்பிஐயா யாழ்ப்பாணத்துக்காரர், வயது முப்பதுக்குள்தான். பத்து நாள் பென்சிலின் போட்டும் காய்ச்சல் விடவில்லை என்று அவருக்கே முகம் வாடியிருந்தது. ஒருநாள் நான் பார்க்கப் போயிருந்தபோது என்னைத் தனியாகத் தன் அறைக்குக் கூப்பிட்டார்.

"நீங்கள்தானே மாடு பாக்கிறனீங்கள்? உங்கட மச்சான் பச்சைப்பால் குடிக்கிறவராம். உண்மையோ?"

"ஆமாங்க ஐயா."

"மாட்டில இருந்து வாற ஒரு கிருமி இருக்கு. மனிசருக்கு வாறதே குறைவு. இப்பிடி இரும்பு வைச்ச மூட்டில போய்ப் பிடிக்கிறது அதைவிடக் குறைவு. நான் ஆரிலையும் கண்டதில்லை. ஆனா காய்ச்சல் வாற விதத்தைப் பாக்க எனக்கு அதெண்டுதான் படுகுது. வடிவா யோசிச்சுச் சொல்லுங்கோ. உங்கட மாடுகளில ஒண்டாவது குறைமாசத்தில கண்டு போட்டதோ?"

நான் துண்டை மடித்து மடியில் வைத்தேன். அவர் என்னை அவசரப்படுத்தாமல் மேலே சொன்னார்.

"ரத்தம் கொழும்புக்கு அனுப்பியிருக்கிறன். மறுமொழி வரக் கன நாளாகும். அது வருமட்டும் காத்திருந்தால் அவருக்கு ஆபத்து. அந்தக் கிருமியெண்டால் இந்த ஊசி வேலை செய்யாது, வேற ரெண்டு மருந்து சேத்துக் குடுக்கவேணும். மருந்து இஞ்சயே இருக்கு. ஆனா அதில ஒண்டு காதைச் செவிடாக்கிப்போடும், சும்மா குருட்டுவாக்கில குடுக்கேலாது. நீங்கள் ஓமெண்டு சொன்னால் இண்டைக்கே தொடங்குவன்."

அவர் நல்ல மனிதர். என்னை உட்காரச் சொல்லித்தான் கேட்டார். ஆனால் முன்னால் ஒரு கடதாசி இருந்தது. பேனாவின் மூடியைக் கழற்றிக் கையில் வைத்திருந்தார். நான் சொல்கிறதை எழுதுவார். எழுதினது மாட்டு டொக்டருக்குப் போகும், அங்கிருந்து பெரியதொரைக்குப் போகும். கொட்டிலில் சுண்ணாம்பு மூட்டை வந்து இறங்குவது எனக்குக் கண்ணில் தெரிந்தது. என் தம்பி இருமுகிற சத்தம் காதில் கேட்டது. அந்தப் பேனா மட்டும் திறந்திருக்காவிட்டால் நான் சொல்லியிருப்பேன் என்றுதான் நினைக்கிறேன்.

"இல்லீங்க ஐயா," என்றேன். "எல்லாம் நெறமாசக் கன்னுதாங்க."

"சரி. அப்ப அதை விடுவம்," என்று பேனாவை மூடினார்.

வெளியே வந்ததும் எனக்கு நெஞ்சில் இருந்த பாரம் இறங்கினது போல இருந்தது. ஆஸ்பத்திரிக்குக் கீழே இருந்த கடையில் இரண்டு ரொட்டி வாங்கிக் கட்டைச் சம்பலோடு சாப்பிட்டேன். பசித்துச் சாப்பிட்டுப் பல நாளாகியிருந்தது.

மச்சானை ஆடி மாதம் வீட்டுக்கு அனுப்பினார்கள். கொழும்பிலே கட்டில் கிடைத்ததும் இரும்பை வெளியே எடுக்கப் போவதாகப் பேச்சு. படுக்கையில் கிடந்தவருக்கு நான் பாலைக் காம்பராவுக்கே கொண்டுபோனேன். ஓடினால்தான் சூடு ஆறாது என்று செம்பைத் துண்டால் மூடிக்கொண்டு ஓடுவேன். வேறு எதுவும் வாயில் வைக்காதவர் அதை மட்டும் குடித்தார்.

ஒருநாள் குடித்துவிட்டுச் செம்பைக் கையிலேயே வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தார். முகத்தில் எலும்புதான் இருந்தது.

"மச்சான், செவல கன்னு போட்ட அன்னிக்கு நீங்க ஏன் என்னயக் கூப்புடல? எப்பவும் மொதல்ல எனக்குத்தானே ஆள் விடுவீங்க."

"இந்தக் காலோட நீங்க எப்புடி மாப்புள அந்த மேட்டுல ஏறுவீங்க?"

அந்த நாளில் தினமும் கைத்தடியோடு அதே மேட்டில் ஏறிக் கொட்டிலுக்கு வந்தவர் செம்புக்குள் குனிந்து பார்த்தார். "அதுவும் சரிதான்," என்றார். பிறகு செம்பைத் திருப்பிக் கொடுத்தார். அதற்குப் பிறகு அவர் என்னிடம் எதையும் கேட்கவில்லை. வாழ்நாள் முழுவதும் கேள்வி கேட்டவர், என்னைப் பார்த்தால் கண்ணை மூடிக்கொள்வார். நோயின் அசதி என்று நான் எடுத்துக்கொண்டேன்.

தீபாவளிக்கு ஒன்பது நாள் இருக்கும்போது போய்விட்டார். கிருமி நெஞ்சுக்கு ஏறிவிட்டது என்றார்கள். இரும்போடுதான் புதைத்தோம். தப்புமேளம் அடித்தார்கள். குழிக்குள் முதல் பிடி மண்ணை நான் போட்டேன். நான் அழுதது நடிப்பில்லை. என் சாக்கில் உட்கார இனி ஆளில்லை என்று நினைத்து அழுதேன்.

கார்த்திகையில் ஆஸ்பத்திரியிலிருந்து மீனம்மா பேருக்கு இங்கிலீஷில் ஒரு கடிதம் வந்தது. அவள் அதைப் பிரிக்காமல் என்னிடம் கொண்டுவந்து, "அண்ணே, இத யார்கிட்டயாச்சும் படிச்சிக் கேட்டு வாங்க," என்றாள். தோட்டத்துப் பள்ளிக்கூட வாத்தியாரிடம் நான் போகவில்லை. பஸ் ஏறி அட்டனுக்குப் போய், என்னை முன்பின் தெரியாத ஒரு மனு எழுதுகிறவரிடம் காட்டினேன். அவர் வாசித்துச் சொன்னார். கொழும்பிலிருந்து இரத்தத்தின் மறுமொழி வந்திருக்கிறது. பாலில் இருந்து வருகிற அந்தக் கிருமிதான். தோட்டத்தில் யாரும் பாலைக் காய்ச்சாமல் குடிக்கக்கூடாது, முக்கியமாகப் பிள்ளைத்தாய்ச்சிகள், அவர்களுக்குக் கரு தங்காது. மாடுகளைச் சோதிக்க ஆள் அனுப்பச் சொல்லி எழுதியிருக்கிறேன். தகவல் பிந்திவிட்டதற்கு மன்னிக்கவும். கீழே டொக்டர் தம்பிஐயாவின் கையெழுத்து.

நான் திரும்பி வந்து மீனம்மாவிடம், "இரும்பு ஒடம்புக்கு ஒத்துக்கலியாம் தங்கச்சி. அதான் எழுதியிருக்காங்க," என்றேன். கடிதத்தை அடுப்பில் போட்டேன். அவள் தலையில் அடித்துக்கொண்டு, அந்தக் கொழும்பு டொக்டரை நாள் முழுவதும் சபித்தாள். ஒருவரைத் திட்டக் கிடைத்ததும் அவளுக்கு மனம் கொஞ்சம் ஆறியது. அது நான் செய்த ஓர் உதவி என்றே சொல்லவேண்டும்.

இரும்புதான் வீரய்யாவைக் கொன்றது என்ற பேச்சு லயம் முழுவதும் பரவிவிட்டது. அடுத்த வருஷம் காளியாயி விழுந்து அதே எலும்பை முறித்துக்கொண்டபோது, கொழும்புக்கு அனுப்புகிறோம் என்று எவ்வளவோ சொல்லிப் பார்த்தார்கள். "எனக்கு இரும்பு வேணாம், நான் இங்கனயே கெடந்து சாகுறேன்," என்று படுத்துக்கொண்டாள். நாற்பது நாள் கிடந்தாள். அவளுக்கு வயதாகியிருந்தது என்பதையும் பார்க்கவேண்டும்.

மாடுகளைச் சோதிக்க ஆள் வந்தார்கள். முந்தின நாளே கணக்கப்பிள்ளை வாயிலாகத் தெரிந்துவிட்டதால், செவலையை ஓட்டிக்கொண்டுபோய்க் காட்டுக்குள் கட்டிவிட்டு வந்தேன். நாலாவது மாடு இருப்பது தெரியாமல் மூன்று மாட்டுக்கு இரத்தம் எடுத்தார்கள். மூன்றும் சுத்தம் என்று கடதாசி வந்தது. பெரியதொரை என்னைக் கூப்பிட்டு நல்ல மாட்டுக்காரன் என்று தோளில் தட்டினார்.

ஒன்றை மட்டும் நான் இன்னும் சொல்லவில்லை. சொல்லாவிட்டால் இவ்வளவு சொன்னதற்கும் அர்த்தமில்லை.

செவலை கன்று போடும்வரை மச்சானுக்கு நான் கொடுத்தது இன்னொரு மாடான மயிலையின் பால். செவலை அப்போது வற்றியிருந்தாள். கன்று போட்ட பிறகு அவளுக்கும் கொஞ்சம் பால் இறங்கியது. அதை என்ன செய்வது என்று முதல் நாள் காலையில் வாளிக்கும் செம்புக்கும் நடுவில் குந்திக்கொண்டு யோசித்தேன். பங்களா வாளியில் ஊற்றினால், தொரைக்கோ தொரைசானிக்கோ ஒன்று ஆகிவிட்டால், அன்றைக்கே என் பேரை வெட்டிவிடுவார்கள். அப்பு காய்ச்சித்தான் கொடுப்பான், இருந்தாலும் என்னால் துணிய முடியவில்லை. மண்ணில் ஊற்றியிருக்கலாம். பாலை மண்ணில் ஊற்றுவது பாவம் என்று சொல்லி வளர்க்கப்பட்டவன் நான். மயிலையின் பாலை வாளிக்கு மாற்றினேன். செவலையின் பாலைச் செம்பில் கறந்தேன். அன்றிலிருந்து நான் பால் விட்ட தேத்தண்ணி குடிப்பதில்லை, வெறும் சாயத்தண்ணிதான். மச்சான் சாக்கில் உட்கார்ந்து, நுரை மீசையில் ஒட்ட, கடைசிச் சொட்டுவரை குடித்தார்.

செவலையின் பாலில் ஒன்றும் இல்லை என்றுதான் இப்போது நினைக்கிறேன். இந்த ஆனியில் அவள் நிறைமாதத்தில் ஒரு கிடாரிக் கன்று ஈன்றாள். நல்ல திடமான கன்று. உண்மையான கொடியையே வைக்கோலில் பொதிந்து பலா மரத்தில் கட்டினேன். கெட்ட இரத்தமுள்ள மாடு அப்படி ஈனுமா? படித்தவர்களுக்கும் தவறு நேரும்.

பூரணி தலைப்பிரசவத்துக்குப் பூண்டுலோயாவிலிருந்து வந்திருக்கிறாள். ஏழாம் மாதம். போன வெள்ளிக்கிழமை வளைகாப்பு வைத்தோம். அப்பன் இல்லாத பிள்ளைக்குத் தாய்மாமன் நான்தான் எல்லாம் செய்தேன். மெலிந்து போயிருக்கிறாள், அவ அப்பாவுக்குக் கொடுத்த மாதிரி கறந்த பால் கொடுங்க அண்ணே என்று மீனம்மா கேட்டுக்கொண்டாள். மூன்று வாரமாகக் கொடுக்கிறேன். மயிலையின் பாலை எடுத்தால் பங்களா வாளி குறையும், அப்பு கேட்பான். அதனால் செவலையின் பால்தான்.

இன்று காலையும் வந்தாள். அப்பாவின் சாக்கிலேயே உட்கார்ந்து, வளையல் குலுங்கக் கையை நீட்டினாள்.

"நேத்து சாயங்காலம் ஒரே குளிரு மாமா. அப்பறம் பாத்தா சட்டையெல்லாம் நனைஞ்சி போச்சி. அம்மா பயப்புடுறாங்க," என்றாள்.

"புள்ளத்தாச்சிக்கு அப்புடித்தான் இருக்கும்," என்றேன்.

குனிந்து செம்பை வாங்கும்போது அவள் தலையிலிருந்து அந்த நனைந்த வைக்கோல் நாற்றம் வந்தது. காய்ச்சிக் குடி என்று ஒரு வார்த்தை சொல்லலாம். எனக்கு வாய்வரை வந்தது. சொன்னால், ஏன் மாமா என்று கேட்பாள். அப்பாவுக்கு ஏன் இதைச் சொல்லவில்லை என்று அடுத்ததாகக் கேட்பாள். அவள் வீரய்யாவின் மகள், பதில் வரும்வரை விடமாட்டாள். அந்தக் கேள்விக்கு முன்னால் நிற்க என்னால் ஆகாது.

அவள் குடித்து முடித்தாள். வெளியே தூறலாக இருந்தது, படியெல்லாம் பாசி. ஏழு மாதப் பிள்ளைத்தாய்ச்சி, வழுக்கி விழுந்து வயிற்றுப் பிள்ளைக்கு ஏதாவது ஆகிவிடக்கூடாதே என்று, கையைப் பிடித்து லயத்து வாசல்வரை கூட்டிக்கொண்டுபோய் விட்டுவிட்டு வந்தேன்.